ஆணியும் குடமும்

ஜார்ஜ் பிராக் 1909-ல் வரைந்த 'வயலினும் வண்ணத்தட்டும்' ஓவியத்தை லேப்டாப்பில் முதல்முறை பார்த்தபோது, யாரோ வயலினைக் கீழே போட்டு உடைத்துவிட்டு அவசரமாக ஒட்டவைத்த மாதிரி இருந்தது. கொஞ்சம் படித்த பிறகுதான் மரியாதை வந்தது. ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டு 'வயலின் இதுதான்' என்று சொல்ல பிராக்குக்கும் பிக்காசோவுக்கும் மனசில்லை. பல கோணங்களில் தெரிவதை ஒரே பரப்பில் வைத்தார்கள். நான் அதை ஓவிய உத்தியாக எடுத்துக்கொள்ளவில்லை, நியாயமாகவே எடுத்துக்கொண்டேன். மனிதர்களையும் இப்படித்தானே பார்க்கணும்?

நாகலாபுரத்தில் என் பெரியப்பா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில் அவர் மட்டை விழும்போது, கொடைக்கு வந்து அசந்து தூங்குகிற பிள்ளைகள்கூட எழுந்து உட்காரும். நானும் அப்படி எழுந்தவன்தான். வீட்டில் அவர் வேறு ஆள். குடித்தால் பெரியம்மாவை அடிப்பார்.

அவர் இறந்ததும் ஒரு கட்டுரை எழுதினேன். தாளம், குடி, பிள்ளைகளுக்கு வாங்கி வரும் சேவு, அடி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான்யா இருக்கு. நீ அந்தக் கை குடத்துல விழுந்ததத்தான பாத்த."

சுற்றி வந்து பார்க்கிறவனுக்கு எல்லாப் பக்கமும் ஒரே தூரம். அடி வாங்கினவளுக்கு அப்படி இல்லை. அவள் சுற்றி வரவே முடியாத இடத்தில் நின்றிருந்தாள். எல்லாக் கோணத்தையும் சமமாக வைத்தது நேர்மை என்று நினைத்தேன். அதில் பாதி, பெரியப்பாவைக் காப்பாற்ற நான் செய்த தந்திரம். (பழைய நிரலில் உள்ள தவறை ஆவணத்தில் 'தெரிந்த பிரச்சினை' என்று குறித்துவிட்டு நகர்வோமே, அந்த மாதிரி.)

திரும்பப் போய் பிராக்கின் ஓவியத்தைப் பார்த்தேன். அத்தனையும் சிதறிக் கிடக்கிற அந்தப் படத்தின் மேலே, வண்ணத்தட்டை மாட்டியிருக்கும் ஆணியை மட்டும் அவர் உடைக்கவில்லை. பழைய பாணியிலேயே, நிழல் விழ, தொட்டால் குத்தும்போல வரைந்திருக்கிறார். ஏன் என்று விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஆணி பெரியம்மா சொன்ன வாக்கியமாகத்தான் தெரிகிறது.

கட்டுரையை இன்னும் எங்கும் அனுப்பவில்லை. குடம் வீட்டில்தான் இருக்கிறது. பெரியம்மா அதில் விதை உளுந்து போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறாள்.