கொடையும் கடனும்

தெல்தெனிய வழியாகச் செல்வோரின் கண்ணில் விக்டோரியா நீர்த்தேக்கம் படாமற் போகாது. மகாவலியை மறித்துக் கட்டப்பட்ட அவ்வணை 1985 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரின் வீதியும் கடைகளும், சூழவிருந்த வயல்களும் நீரினுள் அமிழ்ந்தன. பல்லாயிரம் மக்கள் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற மண்ணின்மீது தேங்கிய நீரே இன்று நாட்டுக்கு மின்னொளி வழங்குகின்றது. இவ்விழப்பை எவரும் கொடை என்று எழுதிவைப்பதில்லை. நாட்டுக்காக ஏற்கவேண்டிய கடன் என்று கூறிவிடுகிறோம்.

பாடசாலைக்கு ஒரு கட்டடம் எழுப்பித் தரும் செல்வரையோ வள்ளல் என்கிறோம், மாலை சூட்டுகிறோம், சுவரிலே பெயர் பொறிக்கிறோம். அவ்வாறாயின் எது கொடை? எது கடன்? அரசாங்கப் பாடசாலையிற் கற்பிப்போரும் கற்போரும் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டம், அரசாங்கத்துக்கு அளிக்கும் நன்கொடையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடந்தருகின்றது. அரசாங்கத்தின் வாயிலாகப் பாடசாலைக்குச் செல்லும் கொடைக்கும் இக்கழிவு கிடைக்கலாம். கணக்கு எளியது. உச்ச வீதமான 36 வீதத்தில் வரி செலுத்தும் ஒருவர் அவ்வாறு ஓர் இலட்சம் ரூபா வழங்கினால், அவர் செலுத்தவேண்டிய வரியில் 36,000 ரூபா குறையும். அவர் கையிலிருந்து உண்மையிற் போவது 64,000 ரூபாவே. எஞ்சிய 36,000 ரூபா பொதுப் பணம். அதை எந்தப் பாடசாலைக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவரோ அவர் ஒருவரே. கல்லிற் பொறிக்கப்படுவதும் அவர் பெயர் ஒன்றே.

இப்போது இன்னொரு பழைய மாணவனை எண்ணிப் பார்ப்போம். தெல்தெனியவுக்கு மேலுள்ள மலைத் தோட்டமொன்றில், லயன் அறையிற் பிறந்தவன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா வரையில் உழைப்பவருக்கு வருமான வரி இல்லை. அவன் சம்பளமோ அதற்கும் வெகு கீழே. தான் படித்த பாடசாலைக்கு அவன் ஆயிரம் ரூபா அனுப்பினால், ஆயிரமும் அவன் கைப்பணமே. மேற்சொன்ன செல்வர் அதே ஆயிரத்தை அளித்தால் அவருக்கு 640 ரூபாதான் செலவு. வறியவனின் கொடைக்கு விலை கூட. செல்வரின் கொடைக்கு விலை குறைவு! இதனினும் தலைகீழான நீதி உண்டோ?

அவன் வரியே செலுத்துவதில்லை என்போர் உளர். அது பொய். சவர்க்காரம் வாங்கும்போதும் தொலைபேசிக்குக் காசு நிரப்பும்போதும் அவன் வரி செலுத்துகிறான். 2024 சனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். அதிற் கழிவு கோர அவனுக்கு வழியில்லை.

இந்த வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1997 இல் ஒரு சட்டம் இயற்றியது. தனியார் பாடசாலை மாணவருக்குக் கல்விக் கட்டணம் வழங்கும் நிறுவனங்களுக்கு ஒருவர் கொடுக்கும் பணத்தை, குறித்த எல்லைவரை, அவர் தமது மாநில வருமான வரியிலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளலாம். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2011 இல் ஐந்து நீதியரசர், கருவூலத்துக்கு வராத பணம் அரசின் செலவாகாது என்று கருதி, வழக்குத் தொடுத்தோருக்கு அதற்கான தகுதியில்லை என்றனர். நால்வர் மறுத்தனர். கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதும், கருவூலத்துக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுப்பதும் பயனில் ஒன்றே என்பது அவர்கள் வாதம். தீர்ப்பு ஐவருடையதாயினும் நியாயம் நால்வர் பக்கமே என்பது நம் துணிபு.

“கொடையாளர் இல்லையேல் கூரையும் இல்லையே” என்று ஒரு தலைமையாசிரியர் கேட்கலாம். அவர் இடர் நமக்குத் தெரியும். கொடுப்போரின் நல்லெண்ணத்தையும் நாம் இகழவில்லை. ஆனால் கொடை எங்கே பாய்கிறது? செல்வம் படைத்த பழைய மாணவர் உள்ள இடத்துக்கே பாய்கிறது. கண்டி நகரின் பெருங் கல்லூரிக்கு அத்தகையோர் பலர். கொழுந்து பறிப்போரையும் கடைச் சிப்பந்திகளையும் பழைய மாணவராய்க் கொண்ட தோட்டப் பாடசாலைக்கு யார் உளர்? உள்ளவனுக்கே மேலும் அளிக்கும் ஏற்பாட்டுக்குப் பொதுப் பணமும் துணைபோவதே நம் குறை.

கல்வி பிறர் தயவில் நின்றால் என்ன நேரும் என்பதற்கு மலையகமே சாட்சி. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960–61 இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. அவற்றை அரசு பரவலாக ஏற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான். ஒரு தலைமுறைக்கு மேல் அக்குழந்தைகளின் எழுத்தறிவு துரைமாரின் மனத்தைப் பொறுத்திருந்தது. அத்தலைமுறை இழந்ததை எந்த வள்ளல் ஈடு செய்தார்?

வரியை விட்டுக்கொடுப்பதன் விளைவை நாடு முழுவதும் அண்மையிற் கண்டது. 2019 இறுதியிற் செய்யப்பட்ட பெரும் வரிக் குறைப்புக்குப் பின், 2020 இல் வரி வருமானம் தேசிய உற்பத்தியின் எட்டு வீதமளவுக்கு வீழ்ந்தது. 2022 இன் நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணம். தேசிய உற்பத்தியில் ஆறு வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அக்கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.

ஆதலின் நாம் கேட்பது கொடையை நிறுத்துமாறு அன்று. கொடுப்பவர் கொடுக்கட்டும், முழுவதையும் தம் பணத்திலேயே கொடுக்கட்டும். வரியாக வரவேண்டியது வரியாகவே வந்து, தேவை மிகுந்த பாடசாலைக்கு முதலிற் செல்லட்டும். குழந்தை கற்பது அதன் உரிமை. அதற்குப் பொருள் தேடுவது சமூகத்தின் கடன். பழைய தெல்தெனிய மக்கள் ஊரையே விட்டகன்று அத்தகைய கடனைத் தீர்த்தனர். அவர்களுக்குக் கழிவு எதுவும் கிடைக்கவில்லை.