கையில் கயிறும் நெற்றியில் நாமமும்

வழக்கமாக இந்த இதழில் ஏடுவாசிப்பில் கேட்ட ஒரு பகுதியை எடுத்து விளக்கம் சொல்வோம். இந்த மாதம் பிள்ளைகளின் கையில் கட்டியிருக்கிற கயிற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எந்தக் கயிறு என்று கேட்க வேண்டாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் இது தெரியும். ஒரு நிறம் ஒரு சாதிக்கு, இரண்டு நிறம் முறுக்கினது இன்னொரு சாதிக்கு. கேட்டால், "சாமி கயிறு" என்று சொல்லுவான். சாமி கயிறு என்றால் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு நிறம், மீதிப் பேருக்கு வேறு நிறம் ஏன் வருகிறது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையை, அவனோடு படித்த பிள்ளைகளே ராத்திரி வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டினவர்களும் பிள்ளைகள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. அதன்பிறகு அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிகளின் பெயரில் சாதியைக் காட்டுகிற சொல் இருக்கக்கூடாது, மாணவர்கள் நிறக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி இவற்றோடு வரக்கூடாது என்று அதில் பரிந்துரை செய்திருக்கிறார்.

நெற்றிக் குறி என்ற சொல் வந்ததும் நம் அன்பர்கள் சிலருக்கு முகம் வாடிவிட்டது. "அப்படியானால் அய்யா தந்த நாமத்தையும் அழிக்கச் சொல்வார்களா?" என்று தாங்கல் வாசலில் வைத்தே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாமம் இடாமல் நம் வீட்டுப் பிள்ளை வெளியே இறங்குவதில்லை. ஆனால் ஒரு நீதிபதி கயிற்றையும் நெற்றிக் குறியையும் ஒரே வரியில் ஏன் சேர்த்து வைத்தார் என்பதை நாம் முதலில் யோசிக்க வேண்டும். கோபம் அதற்குப் பிறகு வரட்டும்.

நம் அய்யாவுக்குப் பெற்றோர் முதலில் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். 1809ஆம் வருடம், திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில், பூவண்டன்தோப்பு என்கிற சிற்றூரில். கீழே கிடக்கிற சாதியில் பிறந்த குழந்தைக்கு முடி என்றும் பெருமாள் என்றும் பெயரா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பிறந்த குழந்தையின் பெயரிலேயே அவன் இன்னான் என்று தெரிய வேண்டும் என்பது அன்றைய சட்டம். பெயர் மட்டுமா? தலைப்பாகை கட்டக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது. தலைக்கு வரி. தூரத்தில் வருகிறவனைப் பார்த்த உடனே இவன் எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். தோள்சீலை உரிமை 1859 ஜூலையில்தான் ராஜ உத்தரவாக வந்தது. அய்யா வைகுண்டம் சென்று எட்டு வருடம் கழித்து.

கொல்லம் 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்த அய்யா என்ன செய்தார் என்று பாருங்கள். தலைப்பாகை கூடாது என்றவர்கள் நடுவே, கும்பிட வரும்போது தலைப்பாகை கட்டிக்கொண்டு வா என்றார். குனிந்தே பழகின ஜனத்துக்கு நெற்றியில் மேல்நோக்கி எரிகிற சுடர் மாதிரி வெள்ளை நாமம் இட்டார். யாருக்கு? வந்த எல்லாருக்கும். முன்னால் வந்தவனுக்கு ஒரு மாதிரி, பின்னால் வந்தவனுக்கு வேறு மாதிரி என்று கிடையாது. ஆளைப் பிரித்துக் காட்டுவதற்காக ஊர் போட்டிருந்த குறிகளை எல்லாம் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே குறியை வைத்தார். நாமம் என்பது இதுதான்.

அந்த நாமத்தை ஒரு பிள்ளை, தான் இன்ன சாதி என்று எதிரே வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று இட்டுக்கொண்டு போனால், அது நெற்றியில் கட்டின கயிறு. நீதிபதி அதைத்தான் பார்த்தார். அவர்மேல் வருத்தப்பட எனக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் நாமம் வேண்டாம் என்று சொன்னால், வாசலில் நின்று சண்டை போட வேண்டாம். காலையில் தாங்கலில் இட்டு, கண்ணாடி முன் நின்று, பிறகு துடைத்துவிட்டுப் போகட்டும் என்பது என் எண்ணம். வேறு எண்ணம் உள்ளவர்கள் தாங்கல் கூட்டத்தில் சொல்லலாம்.

கண்ணாடி என்றேன். நம் பள்ளியறையில் சிலை இல்லை. இரண்டு விளக்கு, நடுவில் நிலைக்கண்ணாடி. புதிதாக வருகிறவர்கள், "சாமி எங்கே?" என்று தேடுவார்கள். 1927இல் கேரளத்தில் களவங்கோட்டில் நாராயண குருவும் கண்ணாடியைத்தான் நிறுவினார் என்று படித்திருக்கிறேன். உனக்குள்ளே இருக்கிற இறையைப் பார் என்பது கண்ணாடியின் பொருள் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். அது உண்மை. ஆனால் நாற்பது வருடமாகக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை செய்கிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். கண்ணாடி முன்னால் நிற்கிறபோது நாம் மட்டும் அதில் தெரிவதில்லை. பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியும். யார் வரவில்லை என்பதும் தெரியும். நம் தாங்கல் எந்தத் தெருவில் இருக்கிறது, பக்கத்துத் தெருவிலிருந்து எத்தனை பேர் உள்ளே வந்து நிற்கிறார்கள்? அய்யா பதினெட்டுச் சாதியையும் ஒன்றாகக் கூப்பிட்டார். சாமித்தோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒரே தண்ணீரில் குளிக்க வைத்தார். நம் கண்ணாடியில் ஒரு தெருவின் முகம் மட்டும் தெரிந்தால், கண்ணாடியில் குறை இல்லை.

கரிசல்காட்டு ஜனத்துக்கு இதை விளங்கச் சொல்வது கஷ்டமில்லை. ஐப்பசி மழை பெய்து முடிந்ததும் பருத்திக் காட்டில் இறங்கி நடந்து பாருங்கள். முதல் எட்டில் கொஞ்சம் மண் ஒட்டும். பத்தாவது எட்டில் செருப்பு தலையணை மாதிரி ஆகிவிடும். எட்டு எட்டாக ஒட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை. கால் மட்டும் கனக்கும். நின்று, ஒரு குச்சியை எடுத்து வழித்துப் போட்டால்தான் அடுத்த எட்டு. சாதிப் புத்தியும் அப்படித்தான் ஒட்டுகிறது. எந்தப் பிள்ளைக்கும் ஒரே நாளில் வந்ததில்லை.

எப்படி ஒட்டுகிறது? பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் உட்காருகிறார். "எந்த ஊரு?" என்கிறோம். அது அன்பு, நம் சீமையின் நல்ல பழக்கம், பட்டணத்தில் இந்தக் கேள்வி கேட்க ஆள் இல்லை. "ஊர்ல யாரு மகன்?" அதுவும் சரி, தெரிந்த குடும்பமாக இருக்கலாம். மூன்றாவதாக, "எந்தத் தெரு?" என்று ஒரு கேள்வி வருகிறதே, அந்த இடத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். அந்தக் கேள்வி எதற்கு? பதில் வந்ததும் நம் குரல் மாறுகிறதா? உட்கார்ந்திருக்கிற இடத்தில் கொஞ்சம் நகருகிறோமா, அல்லது கூடுதலாக ஒட்டி உட்காருகிறோமா? பக்கத்தில் இருக்கிற நம் பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறான். அவன் கயிறு வாங்குவது கடையில். கற்றுக்கொண்டது நம் பக்கத்து சீட்டில்.

விழிப்போடு வாழ்வது என்று இப்போது பெரிய பெரிய வகுப்பெல்லாம் நடக்கிறது, பணம் கட்டி. மூச்சைக் கவனி என்கிறார்கள். கவனிக்கட்டும், நல்லதுதான். நம் வீட்டில் அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது, சோறு போடும்போது தாய் கேட்கிற ஒரு கேள்வி: "உன் கூட்டாளி நம்ம ஆளா?" நாக்கு நுனிக்கு அது வருகிறபோது தாய்மார்கள் ஒரு நொடி நிறுத்த வேண்டும்.

பழக்கவழக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்வதும் ஆகாது, மூட்டையோடு எறிவதும் ஆகாது. வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது நம் பண்பாடு. அந்தத் தண்ணீரை ஒருவருக்குச் செம்பிலும் ஒருவருக்குக் கையில் ஊற்றியும் கொடுத்தது, அதுவும் நம் ஊரில்தான் நடந்தது. இரண்டும் பழையதுதான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த தாய்மார்களுக்குத் தெரியும்: கட்டை அடுக்கும்போது எல்லாரும் ஒரே வரிசை, தோளோடு தோள். டீக்கடையில் மட்டும் கிளாஸ் வேறு. வேலைக்கு இல்லாத தீட்டு டீக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, கேட்டவர்களை ஊர் விட்டதும் இல்லை.

இங்கிருந்து கூப்பிடு தூரமாக இருக்கிற கழுகுமலையில் 1895இல் தேர்வீதியில் யார் போகலாம் என்கிற சண்டையில் உயிர்கள் போயின. நூறு வருடம் கழித்து நம் மாவட்டங்களில் பஸ்ஸுக்கு யார் பெயர் வைப்பது என்று கலவரம். அதனால்தான் 1997இல் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையே அரசாங்கம் எடுத்துவிட்டது. நம் சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. நாட்டுக்காகச் செக்கிழுத்த மனிதர் பெயரும் அதோடு போனது. வீதிக்காக, பஸ்ஸுக்காக, இப்போது கயிற்றுக்காக. பொருள்தான் மாறுகிறது.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கனகலிங்கம் என்கிற இளைஞருக்குத் தன் வீட்டில் வைத்துப் பூணூல் போட்டார். கயிற்றை வைத்தே கயிற்றின் மேட்டிமையை உடைத்த வேலை அது. அய்யா தலைப்பாகையை வைத்துச் செய்ததும் அதே வேலைதான், அவருக்குப் பல வருடம் முன்னால்.

இளந்தாரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கயிறு கட்டினால் துணைக்கு ஆள் இருக்கிறது என்று தோன்றுகிறது; அது பொய் இல்லை. தனியாக விடப்பட்ட பிள்ளை கூட்டத்தைத் தேடுவான். வாகைப்பதியில் அய்யா துவையல் தவசுக்கு எழுநூறு குடும்பங்களைக் கூட்டினார். அதுவும் கூட்டம்தான். மூன்று வேளையும் துணியைத் துவைத்துக் குளித்து, ஒரு வேளை பச்சரிசியும் சிறுபயறும் பொங்கிச் சாப்பிட்டார்கள். அழுக்கு என்று ஊர் ஒதுக்கின ஜனம் தன் உடம்பைத் தானே கவனிக்கக் கற்றுக்கொண்ட இடம் அது. அந்தக் கூட்டம் யாரையும் அடிக்கப் போகவில்லை. அய்யாவைச் சேவகர்கள் கட்டி அடித்து இழுத்துக்கொண்டு போன நாளிலும் பொறுமையாக இருங்கள் என்றுதான் அவர் சொன்னார். பதிலுக்கு அடிக்க ஆள் இல்லாமலா? ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

கயிற்றை நான் யார் கையிலிருந்தும் அறுக்கப் போவதில்லை. போன மாதம் தர்மச் சோறு பரிமாற வந்த ஒரு பையன், வாளியில் கை விடும்போது நனையும் என்று தானாகவே கழற்றித் தூணில் மாட்டினான். போகும்போது எடுத்துக்கொண்டானா என்று நான் பார்க்கவில்லை; பார்க்கவும் வேண்டாம்.

வருகிற ஞாயிறு உச்சிப்படிப்புக்குப் பிறகு அன்னதர்மம். இந்தத் தடவை அழைப்பு நம் தெருவோடு நிற்காது. கீழத்தெரு, வடக்குத்தெரு, காலனி என்று வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டு அழைத்து வர எட்டுப் பேர் வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாங்கல் வாசலில் இருந்து புறப்படுகிறோம். பரிமாறுவதற்கு வாளி நான்கு இருக்கிறது, இன்னும் இரண்டு தேவை. வீட்டில் உள்ளவர்கள் கொண்டு வரவும். பந்தி ஒரே பந்தி.

அய்யா உண்டு.