வழியில் சோறிட்டவர்

கதிர்காமப் பாதயாத்திரையைப் பற்றி நம் போன்றோரிடையே நெடுநாளாக இரு கருத்துகள் நிலவி வருகின்றன. அது மூடநம்பிக்கையின் எச்சம், உழைக்க வேண்டிய கால்கள் வீணே தேய்கின்றன என்பது ஒன்று. அது மக்கள் பண்பாடு, ஆதலால் போற்றத்தக்கது என்பது மற்றொன்று. இரண்டும் சாய்வுநாற்காலியில் இருந்தபடியே கொள்ளத்தக்க கருத்துகள். நாமும் முதலாவது கட்சியைச் சார்ந்தவர்களாகவே இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத் தொடக்கத்தில், நண்பரான ஓர் ஆசிரியரின் வற்புறுத்தலால் மூதூரிலிருந்து வெருகல் வரை அடியார் கூட்டமொன்றோடு நடக்க நேர்ந்தது. அந்நடை எம்மைப் பக்தராக்கிவிடவில்லை. ஆயின் ஒரு கேள்வியைக் காலில் தைத்த முள்ளைப்போல் விட்டுச் சென்றது. வழியில் விழுந்தவன் எழுகின்றான். அவனை எழுப்பியது யார்?

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, உகந்தையைத் தாண்டிக் குமண, யால காடுகளினூடே கதிர்காமத்தை அடைவர். ஏறத்தாழ 800 கிலோமீற்றர் என்பர்; ஒன்றரை மாதத்திற்கு மேற்பட்ட நடை. போர்க்காலத்தில் இவ்வழி துண்டுதுண்டாயிற்று. 2009க்குப் பின்னரே வடபுலத்தார் பெருந்தொகையாக மீண்டும் நடக்கத் தொடங்கினர். முன்னர் கொட்டியாரக் குடாவை வள்ளத்தில் கடக்க வேண்டும். இன்றேல் கிண்ணியாத் துறையிலும் அடுத்தடுத்த ஆற்றுத் துறைகளிலும் பாதைப்படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இலும் ஏனைய பாலங்கள் 2011 அளவிலும் திறக்கப்பட்டன. பாலங்களோடு அகன்ற தார்வீதியும் வந்தது. வாகனங்களுக்கு அது பெரும் வசதி. வெறுங்காலுடன் நடப்போருக்கோ, மணற்பாதை செய்யாத கொடுமையை முற்பகல் பத்து மணித் தார் செய்துவிடுகின்றது.

பாதயாத்திரை பற்றிய பேச்சுகளில் யானையும் கரடியும் காட்டாறுமே பெரிதாக இடம்பெறும். நாம் கண்ட இடர்கள் மிகச் சிறியவை. சிறியவையாதலாலேயே எண்ணிப் பார்க்கத் தக்கவை. அறுபது வயதைத் தாண்டிய வடமராட்சி முதியவர் ஒருவருக்குக் குதிக்கால் பிளந்திருந்தது. வேலையை மட்டும் வெறுங்காலுடன் தூக்குவது, மற்ற வேளையில் செருப்பணிவது என்று தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார். மூதூரை அடையுமுன்னே அந்தச் செருப்பின் வாரும் அறுந்துவிட்டது. இளைஞன் ஒருவனுக்கு உள்ளங்காலில் கொப்புளங்கள். தோலை உரித்தெறிந்தால் விரைவில் ஆறும் என்று எண்ணி உரித்துவிட்டான். அடுத்த நாள் அவனால் அடியெடுத்து வைக்க இயலவில்லை. ஓர் அம்மா மாற்றுச் சேலையும் மருந்தும் இருந்த பையை முதல்நாள் தங்கிய மடத்திலேயே மறந்துவிட்டார். அவருக்கு நீரிழிவு. மருந்து இல்லையேல் யாத்திரை அங்கேயே முடிந்தது.

எல்லாம் சீராயின. மூதூர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முஸ்லிம் மீனவர் ஒருவர், கேட்காமலே முதியவரின் செருப்பை வாங்கி, வலை பின்னும் ஊசியால் தங்கூசி நூல் கோத்து வாரைத் தைத்துக் கொடுத்தார். “இனி செருப்பு தேஞ்சாலும் இந்தத் தையல் அறாது, சாமி” என்றார். கொப்புளத்தின் ஓரத்தில் ஊசியால் துளையிட்டு நீரை வடிக்க வேண்டும், மேற்தோலை அகற்றலாகாது, அதுவே புண்ணுக்கு மூடி என்பதை இளைஞனுக்குக் கற்பித்தவர் வயலிலிருந்து திரும்பிய ஒரு விவசாயப் பெண். அம்மாவின் பையைத் துவிச்சக்கர வண்டியில் கொண்டுவந்து சேர்த்த பையன், தேநீர்கூடக் குடியாமல் திரும்பிவிட்டான்.

ஒவ்வொரு முறையும் கூட்டத்தார் கூறியது ஒன்றே: “முருகன் செயல்.”

எமது ஆசிரிய நண்பருக்கு இது பொறுக்கவில்லை. “தைத்தது மீனவர், நன்றி முருகனுக்கா?” என்று எம்மிடம் முணுமுணுத்தார். நியாயமான கேள்விதான். உழைத்தவன் பெயர் மறைந்து, அவ்வுழைப்பின் புகழ் மேலிருப்பவனுக்குச் செல்வது நம் வரலாற்றில் புதிதன்று. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படைகளை எடுத்துக்கொள்வோம். பரிசில் பெற்று மீளும் பாணன், வறிய பாணனொருவனுக்கு வழி கூறுகின்றான். வழிநெடுக அவன் பசியைத் தீர்ப்பவர் யாவர்? பெரும்பாணாற்றுப்படையில் எயினரும் ஆயரும் உழவரும் வலைஞரும் தத்தம் அடுப்பில் வெந்ததைத் தருகின்றனர். அரசனோ பாட்டின் இறுதியிலேதான் வருகின்றான். ஆனால் பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையனே. வழியில் சோறிட்ட எயிற்றியின் பெயரைப் புலவர் நமக்குச் சொல்லவில்லை. தலைவனிடம் போய்ச் சேரும்வரை பாணனை உயிரோடு வைத்திருந்தவர்கள் பெயரற்றவர்கள். கதிர்காம வழியிலும் நிலை வேறன்று. வள்ளியைத் தம் குலத்தவள் என்று கொண்டாடும் வேடர் மரபினர் மூதூர்க் கரையோரச் சிற்றூர்களில் இன்றும் வறுமையில் வாழ்கின்றனர். வள்ளி கணவனைத் தேடிச் செல்லும் கூட்டத்தில் எத்தனை பேர் அவ்வூர்களின் பெயரை அறிவர்?

ஆயினும் நண்பரின் வாதத்தோடு நாம் முற்றாக உடன்பட முடியாதிருந்தது. ‘முருகன் செயல்’ என்ற சொல்லில் பொய் மட்டுமன்றி ஓர் உண்மையும் உண்டு. அச்சொல்லைக் கூறுபவன், ‘இஃது என் திறமையால் நிகழ்ந்ததன்று, எனக்கு உரிமையாக வரவேண்டியதுமன்று’ என்று ஒப்புக்கொள்கின்றான். ஊரூராகப் பிச்சை ஏற்று உண்பது இந்த யாத்திரையின் பழைய விதி. வசதியுள்ளவனும் கையேந்த வேண்டும். தன் முயற்சியாலேயே உயர்ந்தேன் என்று மார்தட்டும் கனவான்கள் நிறைந்த இக்காலத்தில், கடன்பட்டவன் நான் என்று நாள்தோறும் கூறப் பழகுவது சிறிய பயிற்சியன்று. கடனை ஒப்புக்கொள்கின்றான், கடன் கொடுத்தவரின் முகவரியையே தவற விடுகின்றான்.

இவ்வாறு எண்ணியவண்ணம் கிளிவெட்டியை அடைந்தோம். அங்கே எம் சிந்தனை முழுவதையும் புரட்டிப் போட்டவர், கஞ்சி வார்த்த ஒரு பெண்.

அதைக் கூறுமுன் மூதூரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இடருக்கும் இழைக்கப்பட்ட தீங்குக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வூர் நெடுங்காலமாக அறியும். 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் பொருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. பாய்மரம் முறிந்தது விபத்து. 1660இல் கப்பற்றலைவர் றொபேட் நொக்சும் அதே பெயருடைய அவர் மகனும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டது விபத்தன்று. ஓர் அரசன் எடுத்த முடிவு. தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் தப்பி நடந்து அரிப்பை அடைந்தது 1679இல். அதே மன்னார்க் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கூலியாட்கள் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டவர்கள் ஏராளம். தோட்டத்துரைமாரின் கணக்கில் அவையும் ‘வழி இடர்’களே.

நம் காலத்துக்கு வருவோம். 2006 ஏப்ரல் இறுதியில் சம்பூர்ப் பகுதியில் குண்டுகள் விழுந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் நகரம் இரு படைகளுக்கிடையே அகப்பட்டது. பெரும்பாலும் முஸ்லிம்களான நகர மக்கள் பல்லாயிரவர் கந்தளாய் நோக்கி நடந்தனர். மூதூர் கிழக்கின் தமிழ் மக்கள் தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று நடந்தனர். 2007 ஜனவரியில் வாகரையும் வீழ, மட்டக்களப்பு வரை. வரைபடத்தை விரித்துப் பார்ப்பவர் திடுக்கிடுவர். வெருகல் தொடங்கி அது வேல் செல்லும் வழியேதான். அதே வெயில், அதே வறண்ட தொண்டை. ஆகஸ்ட் 4ஆம் நாள் மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் மக்களுக்குக் குடிநீர் வசதி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சம்பூர் மக்களின் காணிகள் முதலில் பாதுகாப்பின் பெயராலும் பின்னர் அனல்மின் நிலையத்தின் பெயராலும் வேலியடைக்கப்பட்டன. கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களின் முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் நிலம் மீளக் கிடைத்தது.

கஞ்சி வார்த்த பெண் அம்முகாமில் இருந்தவர். சாமிமார் உண்டு முடிந்ததும், நண்பர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் அகப்பையைக் கழுவிக்கொண்டே, குரலில் எவ்வித மாற்றமுமின்றிச் சொன்னார்:

“நாங்களும் இந்த வழியாலதான் போனம். பிள்ளையளத் தூக்கிக்கொண்டு. எங்கள ஆரும் சாமி எண்டு கூப்பிடல்ல.”

எம்மிடம் மறுமொழி இல்லை. யாத்திரிகன் தான் தேர்ந்துகொண்ட துன்பத்தை நடக்கின்றான். அத்துன்பத்திற்கு ஒரு முடிவு நாள் உண்டு. திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு. கொடியேற்றத்தன்று கதிர்காமம், அதன்பின் பேருந்து. ஆகவே அவன் புண்ணைக் கழுவுவது புண்ணியமாகின்றது. துரத்தப்பட்டவனின் நடைக்கு முடிவு நாள் இல்லை. அவன் நாளையும் இங்கேயே இருப்பான், நாளையும் பசிப்பான். அவனுக்குக் கொடுக்கும் கை சிறிது தயங்குகின்றது. ஒரே தார், ஒரே கொப்புளம். ஒன்று தவமாகவும் மற்றொன்று தொல்லையாகவும் நம் கண்ணுக்குத் தோன்றுமாயின், கோளாறு காலில் இல்லை. ‘எல்லாம் அவன் செயல்’ என்ற சொல் செருப்பு வார் தைக்கப்பட்டபோது அழகாக இருந்தது. அச்சொல்லையே 2006க்கும் நீட்டினால், செய்தவர்கள் யாவரும் தப்பிவிடுகின்றனர்.

நண்பர் விடவில்லை. “அப்படியிருந்தும் ஏன் இவர்களுக்குக் கஞ்சி வைக்கிறீர்கள், அம்மா?” என்றார். ஆசிரியத் தொழிலின் பழக்கம். விடையைப் பெறாமல் விடமாட்டார்.

“வாகரைப் பக்கம் ஒரு ஆச்சி வளவு வாசல்ல வாளியில தண்ணி வெச்சிருந்தா. ஆரு எவரெண்டு கேக்கல்ல. அவவுக்கு நான் எப்பிடிக் குடுக்கிற? அவ இப்ப இருக்காவோ தெரியா. அதான் போற வாற ஆக்களுக்குக் குடுக்கிறன். முகாமில இருக்கேக்கையும் குடுத்தனாங்க.” பின்னர் சிறிது சிரித்து, “சாமி எண்டு இல்ல, தம்பி. நடக்கிற ஆக்கள்” என்றார்.

நிவாரணப் பங்கீட்டில் வாழ்ந்தவர்கள், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, வீடும் வாசலும் உள்ள யாத்திரிகருக்குக் காய்ச்சி ஊற்றியிருக்கின்றார்கள். சுரண்டலைப் பற்றிய நம் பாடங்களில் இதனை எந்த அத்தியாயத்தில் அடக்குவது என்று நாம் அன்றிரவு நெடுநேரம் விவாதித்தோம், முடிவுக்கு வரவில்லை. அப்பெண் தம் கொடையால் தமக்கு நேர்ந்த அநீதியை மன்னித்துவிட்டார் என்று எவரேனும் எழுதுவாராயின் அது பெரும் பொய்யாகும். தம் காணி வேலிக்குள் கிடந்த ஆண்டுகளைப் பற்றி அவர் பேசியபோது எழுந்த சினத்தை நாம் கேட்டோம். சினமும் கஞ்சியும் ஒரே அடுப்பில் இருந்தன.

மறுநாள் மாலை வெருகலை அடைந்தோம். சித்திர வேலாயுதர் கோயில் ஆற்றங்கரையில் அமர்ந்து முதியவர் கால்களை நீரில் வைத்திருந்தார். குதிக்கால் வெடிப்பு ஓரளவு ஆறியிருந்தது. தைத்த செருப்பு பக்கத்தில். தங்கூசி நூல் மாலை வெயிலில் மின்னியது. நாம் விடைபெறச் சென்றபோது, எம் நண்பரை நிமிர்ந்து பார்த்து அவர் கேட்டார்:

“மாஸ்ரர், செருப்புத் தைச்சுத் தந்த அந்த மனுசன்ர பேர் என்ன? கேட்டு வைச்சிருந்தால் கதிர்காமத்தில அவற்ர பேரிலயும் ஒரு அருச்சனை செய்திருக்கலாம்.”

நண்பர் எம்மைப் பார்த்தார். நாமும் கேட்டிருக்கவில்லை.