பாலமும் பாவமும்

எடின்பரோவிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் டண்டீ நகரத்துக்கு வருகிற யாத்திரிகன், கடலோடு கலப்பதற்கு முன் ஏறக்குறைய இரண்டு மைல் அகலம் விரிந்து கிடக்கும் டே நதியைப் பாலத்தின் மேல் கடக்கும்போது வலப்பக்கத்து ஜன்னல் வழியே கீழே நோக்குவானாகில், பாலத்துக்கு இணையாக நீரில் வரிசையிட்டு நிற்கும் மொட்டைத் தூண்களைக் காண்பான். ஊரை அறிமுகப்படுத்துகிறவர்கள் லா குன்றின் உச்சியையும், பதினைந்தாம் நூற்றாண்டு மணிக்கோபுரத்தையும், அண்டார்டிகாவுக்குப் போய்வந்த டிஸ்கவரி கப்பலையும் முதலில் காட்டுவார்கள். அவையெல்லாம் பார்க்கத் தக்கவையே. ஆயினும் இந்தத் துறைமுக நகரத்தின் மனச்சாட்சி எந்தக் கேள்வியோடு மல்லாடியது என்று அறிய விரும்புகிறவன் அந்த மொட்டைத் தூண்களிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் அபிப்பிராயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டண்டீ சணலால் வாழ்ந்தது. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய முரட்டு நாரை, தன் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வடதுருவக் கடலிலிருந்து கொண்டுவந்த எண்ணெயில் பதமாக்கி, சாக்காக நெய்து உலகமெங்கும் விற்றது. தெற்கேயிருந்து வரும் ரயிலுக்கு நதி குறுக்கே கிடந்த குறையைத் தாமஸ் பவுச் என்ற என்ஜினீயர் கட்டிய இரும்புப் பாலம் 1878-இல் தீர்த்தது. மறு ஆண்டு விக்டோரியா மகாராணி அதன்மேல் பிரயாணம் செய்தார். பவுச்சுக்கு ‘சர்’ பட்டமும் கிடைத்தது. அதே 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி இரவு ஏழேகால் மணியளவில், பாலத்தின் நடுவே உயர்ந்து நின்ற பதின்மூன்று கண்களும், அச்சமயம் அவற்றைக் கடந்து கொண்டிருந்த ரயிலும், சூறைக்காற்றில் நதிக்குள் விழுந்தன. ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் 75 பேர் என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த கணக்கு. பெயரோடு உறுதிப்படுத்தப்பட்டவர்கள் 59 பேர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் ரயில் ஓட்டுவது பத்துக் கட்டளைகளுள் நான்காவதை மீறும் பாதகம் என்று பல்லாண்டுகளாக வாதாடி வந்த ஸ்காத்லாந்தில், இது கர்த்தருடைய நியாயத்தீர்ப்பு என்று போதகர்கள் சிலர் கூறியதில் வியப்பில்லை. இந்தக் கூற்றை மூடத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணமின்றிக் குழந்தைகள் நீரில் மூழ்குகிற உலகத்தைக் காட்டிலும், கோபக்காரரேனும் நீதியுள்ள ஒரு தெய்வம் ஆளுகிற உலகம் மேல் என்று மனித உள்ளம் ஏங்குகிறது. அந்த ஏக்கம் அற்பமானதன்று. ஆனால் தண்டனை என்று சொன்னவுடனே குற்றவாளி யார் என்ற கேள்வி எழாமற் போகாது. கம்பெனியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வண்டியோட்டிய டிரைவரா? வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வில் பெற்றோரைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிய பணிப்பெண்ணா? ஞாயிற்றுக்கிழமை ரயிலால் லாபம் பெற்ற பங்குதாரர்கள் அன்றிரவு தத்தம் வீட்டுக் கணப்படுப்பின் அருகே சுகமாகவே இருந்திருப்பார்கள்.

மேலும், பாலம் கட்டி முடியுமுன்பே, 1877 பிப்ரவரி 2-ஆம் தேதி அடித்த புயலில் உயரமான உத்திரங்கள் இரண்டு நதியில் விழுந்தனவே, அன்று வெள்ளிக்கிழமை! அந்தக் காற்று எந்தக் கட்டளையை நிலைநாட்ட வந்தது?

வேதத்தை வரிவரியாக அறிந்த அந்தப் போதகர்கள் லூக்கா சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை மறந்திருக்க முடியாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரிலும் பெரிய பாவிகளோ என்று இயேசு கேட்டு, அல்ல என்று தாமே விடையும் கூறுகிறார். அவர் அங்கே நிறுத்தியிருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவரோ, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்று கேட்டவர்களையே நோக்கித் திரும்புகிறார். அதாவது, விபத்தை உரைகல்லாகக் கொள்ளலாம், ஆனால் தன்னை உரைத்துப் பார்க்க மட்டுமே, செத்தவனை உரைத்துப் பார்க்க அன்று என்பதே அதன் தாத்பரியமாக எனக்குப் படுகிறது.

இதே ஊரில் இதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜார்ஜ் விஷார்ட் என்ற சீர்திருத்தப் போதகரை டண்டீயிலிருந்து வெளியேறச் சொன்னபோது, எதிர்பாராத துன்பம் வந்தால் அதன் காரணத்தை உணருங்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார் என்றும், நான்காம் நாள் கொள்ளைநோய் தொடங்கியது என்றும் ஜான் நாக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே தெய்வ தண்டனையில் விஷார்ட்டுக்கும் நம்பிக்கை இருந்தது. ஆனால் செய்தி கேட்டதும் அவர் திரும்பி வந்தார். கிழக்கு வாசலின் மேலேறி நின்று, வாசலுக்கு வெளியே நோயாளிகளும் உள்ளே நலமுள்ளவர்களுமாகக் கூடியிருக்க, இருசாராருக்கும் பிரசங்கித்தார். நோயாளிகளைப் போய்ப் பார்த்தார். 1546-இல் அவரைச் செயின்ட் ஆண்ட்ரூஸில் எரித்தார்கள். அவர் பெயர் தாங்கிய வளைவு கௌகேட் தெருவில் இன்றும் நிற்கிறது. சித்தாந்தத்தில் அவருக்கும் 1879-இன் போதகர்களுக்கும் பெரிய தூரமில்லை. நின்ற இடத்தில்தான் தூரம்.

பாலம் ஏன் விழுந்தது என்று ஆராய அரசாங்கம் ராதரி, யோலண்ட், பார்லோ என்ற மூவரை நியமித்தது. காற்றின் அழுத்தத்துக்கென்று பவுச் தனியே கணக்கிடவில்லை என்பதும், வார்ப்பிரும்புத் தூண்களிலிருந்த பொத்தல்களை மெழுகும் இரும்புத்தூளும் கலந்த பூச்சால் மூடி மறைத்திருந்தார்கள் என்பதும், இணைப்புக் கம்பிகள் தளர்ந்திருந்தன என்பதும், பாலத்தை மேற்பார்க்க வைத்திருந்தவர் செங்கல் வேலை அறிந்தவரேயன்றி இரும்பு வேலை அறிந்தவரல்லர் என்பதும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வார்ப்படச் சாலைத் தொழிலாளியின் சாட்சியத்தைப் பொறுமையோடு குறித்துக்கொண்ட அந்த விசாரணையில், எந்தப் பிரசங்கத்திலும் காணாத ஒருவகைப் பக்தி இருந்ததாக நான் நினைக்கிறேன். விசேஷம் என்னவெனில், காரணத்தைச் சொல்வதில் ஒன்றுபட்ட மூவரும் குற்றம் சாட்டுவதில் பிரிந்தார்கள்: ராதரி பவுச்சையே பிரதான குற்றவாளி என்று வெளிப்படையாக எழுதினார், என்ஜினீயர்களான மற்ற இருவரும் பழியைப் பகிர்ந்தளிப்பது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று ஒதுங்கினார்கள். சகதொழிலாளியிடம் காட்டிய தாட்சண்யம் அது என்று சொல்வோரும் உண்டு. இருக்கலாம், ஆனால் காரணத்துக்கும் பழிக்கும் நடுவே ஓரிடம் உண்டு என்பதை அவர்களாவது கண்டார்கள். பவுச் 1880 அக்டோபரில் இறந்துபோனார்.

அந்த மூவரில் ஒருவரான பார்லோவே பிறகு புதிய பாலத்தை வகுத்தார். நதியில் விழாமல் தப்பிய பழைய உத்திரங்களைச் சோதித்து, தேறியவற்றை அதில் பயன்படுத்தினார்கள். பாலங்கள் சதுர அடிக்கு 56 ராத்தல் காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று விதியும் பிறந்தது. 1887-இல் திறந்த அந்தப் பாலத்தின்மேல் ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளிலும்.