துணியின் பின்பக்கம்

கலைக்கூடங்களில் ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கும். கலைஞரின் பெயர், தலைப்பு, ஆண்டு, எந்தப் பொருளால் ஆனது, நீள அகலம். படைப்பைப் பார்ப்பதற்கு முன்பே அட்டையைப் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ‘பருத்தித் துணியில் நூல்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். நூல் தானாகத் துணியில் ஏறாது. ஏற்றியவர் யார், எத்தனை மாதம் ஏற்றினார், அவருடைய கழுத்தும் கண்ணும் என்ன ஆயின என்று அட்டை சொல்லாது. நூலுக்கு இடம் இருக்கிறது, நூல் கோத்தவருக்கு இல்லை.

சினிமாவில் இப்படி இல்லை. ஒரு பாட்டு என்றால் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூவரையும் நமக்குத் தனித்தனியே தெரியும். அது யாருடைய பாட்டு என்று டீக்கடையில் சண்டைகூட நடக்கும். (பின்னால் ஆடுகிற பெண்களின் பெயர் அங்கும் பெரும்பாலும் வருவதில்லை என்பது தனிக்கதை.) நவீன கலையோ பல ஊடகங்களைக் கலக்கிறது, தையல்காரர், தச்சர், ஒலிப்பதிவாளர், எழுத்தாளர் என்று பலரைக் கூட்டுகிறது, கடைசியில் சுவரில் ஒற்றைப் பெயரை ஒட்டுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் என்று தேடிப் போனால் அநேகமாக ஒரு பெண்கள் கூட்டத்தைத்தான் காண்கிறோம். எல்லாருடைய பெயரையும் போட்டுவிட்டால் நியாயம் ஆகிவிடுமா என்பதுதான் என் கேள்வி. ஆகாது என்று நினைக்கிறேன். அதற்கான காரணம் மட்டும் நம்மில் பலர் வழக்கமாகச் சொல்வது அல்ல.

இத்தாலியக் கலைஞர் அலிகியெரோ போயெட்டி 1971இல் காபூலுக்குப் போனார். அங்கே ஒரு விடுதிகூட நடத்தினார். உலக வரைபடத்தைத் துணியில் வரைந்து, ஒவ்வொரு நாட்டையும் அதன் கொடியின் நிறங்களால் நிரப்பச் சொல்லி, ஆப்கன் பெண்களிடம் எம்பிராய்டரிக்குக் கொடுத்தார். 1979 கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. பிறகு அந்த வேலை பெஷாவரில் இருந்த ஆப்கன் அகதிகளிடம் போனது. அவர் 1994இல் இறக்கும் வரை தொடர்ந்த இந்த வரிசையில் ஏறத்தாழ 150 வரைபடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏலத்தில் பல மில்லியன் டாலருக்குப் போனவையும் உண்டு. தைத்த பெண்களோடு போயெட்டி நேரடியாகப் பேசியதில்லை. பர்தா வழக்கத்தினால் எல்லாம் இடையில் இருந்த ஆண்கள் வழியாகவே நடந்தது.

இந்த மனிதர்தான் தன் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் ‘மற்றும்’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘அலிகியெரோவும் போயெட்டியும்’ என்று தன்னையே இரண்டு ஆளாக்கிக் கையெழுத்திட்டவர். ஒரே உடம்புக்கு இரண்டு பெயர். நூற்றுக்கணக்கான உடம்புகளுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த வரைபடங்களில் தான் எதுவும் செய்யவில்லை, உலகம் இருக்கிறபடி இருக்கிறது, கொடிகளையும் தான் வரையவில்லை என்ற பொருளில் அவர் பேசியும் இருக்கிறார். இதைத் தத்துவமாக வியப்பவர்கள் உண்டு. எனக்கு இது வீட்டு விருந்தில் “நான் ஒண்ணுமே செய்யலங்க” என்று அடக்கமாகச் சிரிக்கிற கணவனைத்தான் நினைவூட்டுகிறது. அவர் உண்மையிலேயே ஒன்றும் செய்திருக்க மாட்டார். சமையற்கட்டில் இருப்பவரைக் கேட்டால் தெரியும்.

ஆனால் அந்த வரைபடங்களில் எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. ஒரு முறை கடல் இளஞ்சிவப்பாக வந்து சேர்ந்ததாம். கடலே இல்லாத நாடு. கடலுக்கு நீலம்தான் நிறம் என்று தைத்தவர்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. கையில் இளஞ்சிவப்பு நூல் நிறைய இருந்தது. அதற்குப் பிறகு கடலின் நிறத்தை அவர்களிடமே போயெட்டி விட்டுவிட்டார். ஆக, பெயர் கிடைக்காத அந்தப் பெண்களுக்கு ஒரு முடிவெடுக்கும் உரிமை கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு முடிவுதான், ஆனால் அது பெருங்கடல்கள் அத்தனையின் நிறம். பெயர் இல்லாமல் முடிவு இருக்கலாம் என்றால், முடிவு இல்லாமல் பெயரும் இருக்கலாம் அல்லவா? அதைக் கண்ணெதிரே பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது.

சென்னையில் ஒரு கண்காட்சி. பாட்டிகளின் பழம்புடவைகளை வைத்து ஓர் ஓவியர் கோடுகள் வரைந்தார். ஒருவர் தறிச் சத்தங்களைப் பதிவு செய்து ஒலியமைத்தார். நான் சுவரில் வைக்கும் சிறு உரைகளை எழுதினேன். நான்கு பெண்கள் ஓவியரின் கோடுகள்மேல் ஆரி வேலை செய்தார்கள். கல்யாண ப்ளவுஸ்களுக்கு ஆரி போட்டுப் பிழைப்பவர்கள் அவர்கள். ஆரி வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேலே வலது கை கொக்கி ஊசியைப் பிடித்திருக்கும். துணிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், இடது கை நூலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கற்றுக்கொள்ள அதிக நாள் எடுப்பது கீழே இருக்கும் கைக்குத்தான் என்பார்கள்.

திறப்புக்கு இரண்டு நாள் முன்பு அட்டைகள் அச்சாகி வந்தன. ஓவியர் பெயர், ஒலியமைத்தவர் பெயர், என் பெயர். தைத்தவர்களுக்கு, வாசலில் ஒரு பலகையில் ‘கைவினை உதவிக்கு நன்றி’. நான் சண்டை போட்டேன். அவர்கள் சொன்னதைச் செய்தவர்கள்தானே என்றார் ஏற்பாட்டாளர். நானும் சொன்ன அளவுக்குள் எழுதியவள்தான் என்றேன். எப்படியோ ஒத்துக்கொண்டார்கள். இனிஷியல் கேட்பதற்காக நால்வரில் மூத்தவரான அக்காவிடம் போனேன்.

“எம்பேரு வேணாம் மேடம்” என்றார். ஏன் என்று கேட்டேன். “அந்த முடிச்சப் பாருங்க. எல்லாம் மேல கெடக்கு. நூலு தொங்குது. இத நான் போட்டேன்னு தெரிஞ்சா வேல தெரியாத பொம்பளன்னு நெனைப்பாங்க. அப்புறம் எனக்கு எவ ப்ளவுஸ் குடுப்பா?”

நூலை அறுக்காமல் தொங்கவிடச் சொன்னதும், பின்பக்கம் இருக்க வேண்டிய முடிச்சுகளை முன்பக்கம் போடச் சொன்னதும் ஓவியர். அவருடைய காரணமும் அற்பமானது இல்லை. கல்யாணச் சந்தை பெண்ணின் கையிடம் கேட்கிற அந்தச் சுத்தம் ஒரு அடக்குமுறை. நினைவு பிரிந்து தொங்குவதுபோல நூலும் தொங்கட்டும் என்று அவர் நினைத்தார். அவரும் பெண்தான், பெண்ணியவாதிதான். ஆனால் எந்தச் சுத்தத்தை அவர் தளை என்றாரோ, அதுதான் அக்காவின் கையெழுத்து. ஆரி வேலையில் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துத்தான் கைகாரியா இல்லையா என்று சொல்வார்கள். அவருடைய கையெழுத்தை அழிக்கச் சொல்லி வாங்கிய வேலையின் கீழே அவருடைய பெயரைப் போட நான் போராடிக்கொண்டிருந்தேன்.

மற்ற மூவரின் பெயர்கள் அச்சாயின. அவருடையது இல்லை. பார்க்க வந்தவர்களில் ஒருவர், “மூணு பேருன்னு போட்டிருக்கு, நாலு பேரு தைக்கிற மாதிரி வீடியோல தெரியுதே, ஒருத்தரை விட்டுட்டீங்களா?” என்று கோபமாகக் கேட்டார். நல்ல கோபம். ஆனால் அந்தச் சுவரில் யோசித்து எடுத்த முடிவு என்று ஒன்று இருந்தால் அது அந்த நாலாவது வெற்றிடம்தான்.

‘விருந்து மேசை’ என்ற ஜூடி சிகாகோவின் படைப்பைப் பற்றிப் பெண்ணியக் கலை பேசுபவர்கள் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. 1974 முதல் 1979 வரை செய்யப்பட்டது. பக்கத்துக்கு 48 அடி நீளமுள்ள முக்கோண மேசை. வரலாற்றிலிருந்தும் புராணத்திலிருந்தும் 39 பெண்களுக்கு ஆளுக்கொரு தட்டும் எம்பிராய்டரி விரிப்பும். தரையில் பதித்த ஓடுகளில் பொன்னிறத்தில் இன்னும் 999 பெண்களின் பெயர்கள். இன்று புரூக்லின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. இதற்காக நூற்றுக்கணக்கானோர் உழைத்தார்கள். பெரும்பாலானவர்கள் கூலி வாங்காத தன்னார்வலர்கள். பெண்களின் பெயர்களை மீட்பதற்கென்றே செய்த படைப்பு, பெண்களின் உழைப்பை விழுங்கி ஒரே பெயரில் நிற்கிறது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. உழைத்தவர்களின் பெயர்களும் படங்களும் கொண்ட பலகைகள் கண்காட்சியோடு கூடவே போயின என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 1970இல் தந்தை வழியும் கணவர் வழியும் வந்த பெயர்களைத் துறந்து, பிறந்த ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு, அதைப் பத்திரிகையில் விளம்பரமாகவே போட்டவர் ஜூடி. பெயரின் கனம் தெரியாதவர் இல்லை.

எனக்கு அவருடைய அடுத்த வேலைதான் அதிகம் பிடிக்கும். 1980 முதல் 1985 வரை நடந்த ‘பிறப்புத் திட்டம்’. மேற்கத்திய ஓவியத்தில் பிரசவக் காட்சி அநேகமாக இல்லவே இல்லை என்பதைப் பார்த்து அவர் வரைந்த படங்களை 150க்கும் மேற்பட்ட பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தபடி தைத்தார்கள். ஒவ்வொரு துணியின் அட்டையிலும் அதைத் தைத்தவரின் பெயர் உண்டு. எந்தத் தையல், எந்த நூல் என்பதில் அவர்களுடைய யோசனைக்கும் இடம் இருந்தது. கோடு ஜூடியுடையது, கடைசி வார்த்தையும் அவருடையது. ஆனாலும் பேச்சு இரண்டு பக்கமும் நடந்தது. பிறகு 2020 ஜனவரியில், பாரிஸில் டியோர் நிறுவனத்தின் ஆடைக் காட்சிக்காக அவர் வடிவமைத்த பதாகைகளை மும்பையில் சாணக்யா கைவினைப் பள்ளியின் பெண்கள் தைத்தார்கள். பெண்கள் உலகை ஆண்டால் என்ன ஆகும் என்று கேட்கிற பதாகைகள். அவற்றின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், தைத்த பெண்களிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த இடத்தில் ஒரு தமிழ் நண்பர் கட்டாயம் வருவார். “கோயில் கட்டின சிற்பி பேரு போட்டுக்கிட்டானா? நம்ம மரபுல தான் என்கிறதே கிடையாதே” என்பார். யாருக்குமே பெயர் இல்லாத சுவரில் பெயரின்மை ஒரு வகை. ஒருவருக்கு மட்டும் பெயர் இருக்கும் சுவரில் அது வேறு வகை. தவிர, மரபு அப்படி ஊமையாகவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, முன்பு எந்தக் கோயிலைச் சேர்ந்தவர், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் கல்லில் இருக்கின்றன. கூலியும் பெயரும் சேர்ந்தே பதிவான இப்படி ஒரு பட்டியலை எந்தக் கலைக்கூடமும் இன்று நமக்குத் தருவதில்லை. ஆனால் பல கோயில்களிலிருந்து அரச ஆணையால் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட அந்தப் பெண்களில் ஒருத்தி வரமாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? கல்வெட்டு அதைச் சொல்லாது. சொல்வதற்காக வெட்டப்பட்டதும் அல்ல.

மறுக்க முடிந்ததா என்பதுதான் என் அளவுகோல். கூட்டுப் படைப்பு என்று ஒன்றைச் சொன்னால், அதில் இருந்த ஒவ்வொருவரும் எதையாவது மாற்றியிருக்க முடிந்ததா என்று கேட்கிறேன். மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் 1997 முதல் பஸ்தரின் கொண்டாகாவில் சாந்திபாய், ராஜ்குமார் கோர்ராம், கெஸ்ஸுராம் முதலிய கலைஞர்களோடு செய்துவரும் வேலை இந்தக் கேள்விக்கு ஓரளவு தாங்குகிறது. ‘நல்பார்’ என்ற பெயரில் அவர்கள் கைப்பம்புகளைச் சுற்றியுள்ள இடங்களை வடிவமைத்தார்கள். தண்ணீர் எடுப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும். குடத்தைத் தரையிலிருந்து ஒரேயடியாகத் தோளுக்குத் தூக்காமல், நடுவில் வைத்து எடுக்க ஓர் உயரம் அந்தச் சிற்பத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த உயரம் எவ்வளவு என்பதை நகரத்திலிருந்து வந்தவர் தனியே முடிவு செய்ய முடியாது. இடுப்பும் தோளும் வலிப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் இதைப் பற்றி எழுதுகிறபோது முதலில் வருவது நவ்ஜோத்தின் பெயர்தான். இந்தப் பத்தியிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஆங்கிலம், நகரம், சாதி எல்லாம் சேர்ந்து யார் பெயர் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் என்பதை நாம் பேனாவை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகின்றன.

மறுப்புக்கு விலையும் உண்டு. அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் பீஸ் கணக்கில்தான் கூலி. ஒரு புடவை முடிந்தால் இவ்வளவு என்று பேச்சு. தொங்கும் நூல் பிடிக்கவில்லை என்று அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று ஓவியர் பிறகு வருத்தப்பட்டார். சொல்லி, அரை நாள் விவாதித்து, போட்டதைப் பிரித்து, மறுபடி போட்டால் அந்த நாளுக்குக் காசு இல்லை. பீஸ் கணக்கில் வேலை செய்கிறவருக்கு மாற்றுக் கருத்து என்பது கைக்காசை இழப்பது. ஓவியருக்கும் எனக்கும் யோசிக்கிற நேரமும் வேலை நேரம்தான். அதற்குச் சேர்த்துத்தான் பணம் கொடுத்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் யாராவது நெசவாளர்களையோ தையல்காரர்களையோ சேர்த்து ஒரு கண்காட்சி, நீங்களும் எழுத வேண்டும் என்று கேட்டால், பெயர் எங்கே வரும் என்று முதலில் கேட்பதில்லை. பிரித்துப் போடுகிற நாளுக்கும் கூலி உண்டா என்று கேட்கிறேன். போன மாதம் ஒரு க்யூரேட்டரிடம் கேட்டேன். பட்ஜெட்டில் அந்தத் தலைப்பு இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.