டிக்கெட் இருக்கா?

மாத்தூருக்கு ரயில் கிடையாது. மணலி தாண்டி திருவொற்றியூர் பக்கம் போனால்தான் தண்டவாளத்தைப் பார்க்க முடியும். அங்கே விம்கோ நகர் என்ற பெயரில் இரண்டு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. ஒன்று கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் நிற்கும் பழைய ஸ்டேஷன். இன்னொன்று தூண்களுக்கு மேலே நிற்கும் மெட்ரோ. ரெண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். ஆனால் உள்ளே வரும் ஆளைப் பற்றி இரண்டும் வேறு வேறு அபிப்பிராயம் வைத்திருக்கின்றன.

பழைய ஸ்டேஷனில் கதவே இல்லை. யார் வேண்டுமானாலும் பிளாட்பாரத்துக்குப் போகலாம், வண்டி ஏறலாம். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். காலை நேரத்தில் கவுன்டர் வரிசையில் நிற்பவர் வண்டியைத் தவறவிடலாம், நிற்காதவர் ஏறிப் போய்விடலாம். அதாவது நேர்மைக்கு டிக்கெட் விலைக்கு மேலே இன்னொரு விலையும் இருக்கிறது. பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும். பிடிபடாத நாட்களோ நிறைய.

மெட்ரோ இந்தப் பக்கம் புதுசு. 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதே ராயபுரத்திலிருந்துதான் என்றாலும், வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது 2019ல், விம்கோ நகர் வரை நீண்டது 2021 பிப்ரவரியில். இங்கே கார்டையோ க்யூஆர் கோடையோ காட்டினால்தான் கதவு விலகும். குறைந்தபட்சம் 10 ரூபாய். டிக்கெட் இல்லாமல் போகலாமா என்ற யோசனைக்கே இடமில்லை.

அப்படியானால் மெட்ரோவில் போகிற எல்லோரும் நேர்மையானவர்களா?

பழைய கேள்விதான். பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாகன் ஒரு மோதிரக் கதை சொல்வான். போட்டுக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகலாம். அப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள், பிடிபடுவோம் என்ற பயம்தான் நம்மை ஒழுங்காக வைத்திருக்கிறது என்பது அவன் வாதம். புறநகர் ஸ்டேஷன் எல்லோர் கையிலும் அந்த மோதிரத்தில் பாதியைக் கொடுக்கிறது. மெட்ரோ அதைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறது. கிளாகனுக்குப் பதில் வேண்டுமென்றால் மெட்ரோவில் தேடிப் பயனில்லை. கதவில்லாத ஸ்டேஷனில், வண்டி வருகிற சத்தம் கேட்டும் வரிசையை விட்டு நகராத ஆளிடம்தான் அது இருக்கிறது.

வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தை இல்லறவியலில் வைக்கவில்லை, துறவறவியலில் வைத்திருக்கிறார். அடுத்தவன் பொருளை எடுக்க மனதால் நினைப்பதே தீது என்பது அங்கே வருகிறது. அளவுகோலைத் துறவியின் உயரத்தில் வைத்துவிட்டார். எந்தக் கதவாலும் அந்த உயரத்தை எட்ட முடியாது. அது கையைத்தான் தடுக்கும்.

என் தொழிலில் முதலில் கற்றுக்கொடுக்கிற பாடங்களில் ஒன்று: பயனர் அனுப்புவது எதையும் நம்பாதே, சரிபார்க்காமல் உள்ளே விடாதே. சர்வருக்கு இது ரொம்பச் சரி. சிக்கல் என்னவென்றால் இந்தப் புத்தி சர்வரோடு நிற்பதில்லை. ரயில் டிக்கெட்டுக்கு யுடிஎஸ் செயலி வந்தபோது, ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு அதில் காகிதமில்லா டிக்கெட் எடுக்க முடியாதபடி ஜிபிஎஸ் வைத்துத் தடுத்திருந்தார்கள். பரிசோதகர் தலையைப் பார்த்ததும் எடுத்துவிடுவீர்கள் என்ற சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஓடிவந்து பிளாட்பாரத்தில் நின்று டிக்கெட் எடுக்க நினைப்பவனும் இதில் சேர்த்தே அடிபடுகிறான். கதவில்லாத ஸ்டேஷனுக்கு நாங்கள் போனுக்குள் ஒரு கதவு வைத்துவிட்டோம்.

ஜப்பானில் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். 1967ல் ஒசாகா பக்கத்து கிதா-சென்ரி ஸ்டேஷனில் ஹான்கியூ ரயில்வே தானியங்கிக் கதவுகளை வைத்தது. இன்று அந்நாட்டு ஸ்டேஷன்களில் பரவலாக இருக்கும் கதவுகள் வழக்கமாகத் திறந்தே இருக்கும். கார்டில் பணம் இல்லையென்றால்தான் மூடும். இதில் தத்துவம் எதுவும் இல்லை. காலைக் கூட்டம் நிற்காமல் போக வேண்டும், ஒவ்வொருவருக்கும் திறந்து மூடினால் நேரமாகும், அவ்வளவுதான். இருந்தாலும் விளைவைப் பாருங்கள். நம் மெட்ரோ கதவு நிரூபிக்கும்வரை என்னைத் திருடனாக வைத்திருக்கிறது. அந்தக் கதவு மாட்டும்வரை என்னை யோக்கியனாக வைத்திருக்கிறது. சென்சார் ஒன்றுதான், டீஃபால்ட் மட்டும் வேறு.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது சிரித்தான். “மச்சி, நம்ம ஸ்டேஷன்ல கதவு இல்லாதது நம்பிக்கையா? எவனும் கண்டுக்கல, அதான்.” வடசென்னைக்காரனுக்கு இதைச் சொல்ல முழு உரிமை உண்டு. அலட்சியமும் நம்பிக்கையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், ரெண்டிலும் கதவு இருக்காது.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. கதவில்லாத ஸ்டேஷனில் கதவின் வேலையை ஒரு மனிதர் பார்க்கிறார். கூடையோடு நிற்கும் கிழவி “காசு இல்ல நைனா” என்றால், அவர் “போ ஆயா” என்று விட்டுவிட முடியும். எந்திரத்துக்கு அது தெரியாது. சரி. ஆனால் அதே மனிதர் கழுத்தில் ஐடி கார்டும் முதுகில் லேப்டாப் பையும் தொங்கும் என்னைத் தாண்டிப் போய், பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருக்கும் ஒடிசா பையனிடம் மட்டும் “டிக்கெட் இருக்கா?” என்று கேட்கிறார். பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தப் பையனிடம் டிக்கெட் இருக்கும். இரக்கமும் பாரபட்சமும் ஒரே கண் வழியாகத்தான் வருகின்றன. மெட்ரோ கதவுக்கு அந்தக் கண் இல்லை. எனக்கும் அவனுக்கும் அது ஒரே மாதிரி மூடியிருக்கிறது, ஒரே மாதிரி திறக்கிறது. நான் மேலே குறைசொன்ன அந்தச் சந்தேகம், எல்லோர் மேலும் சமமாக விழும்போது, அந்தப் பையனுக்கு ஒருவகையில் மரியாதைதான். சந்தேகப்படுவதால் எனக்கு வலிக்கிறது என்றால், இதுவரை யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை என்று அர்த்தம்.

அதனால் கதவே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தடுக்கிற வேலையை எந்திரத்திடமே விட்டுவிடலாம், அது ஆள் பார்க்காது. திறந்துவிடுகிற வேலை மட்டும் ஒரு மனிதர் கையில் இருக்கட்டும். ஜப்பானில் கதவு வரிசையின் ஓரத்தில் ஊழியர் உட்காரும் ஒரு ஜன்னல் இருக்கும், கார்டு வேலை செய்யாதவர்கள் அங்கே போய் விஷயத்தைச் சொல்வார்கள். அதையும் இப்போது சில இடங்களில் கேமராவும் ஸ்பீக்கருமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி உட்காருகிறவர் தனக்குத் தெரிந்தவர்களைச் சும்மா அனுப்புவாரே என்று கேட்கலாம். அனுப்புவார். பத்துப் பத்து ரூபாயாகப் போகும் அந்தப் பணம், ஒருவனை முகத்தைப் பார்த்து நிறுத்துவதைவிட மலிவு.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் மாதவரம் பால் பண்ணையிலிருந்து தொடங்குகின்றன. மாத்தூர்க்காரர்களுக்கு ரயில் அவ்வளவு பக்கத்தில் வருவது அதுதான் முதல்முறை. வண்டிகளில் ஓட்டுநர் இருக்கமாட்டார். கதவோரம் ஒரு நாற்காலி இருக்குமா என்பதுதான் என் கேள்வி.