மௌனமும் களவாகுமா?

பொய் சொல்லலாகாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணியை 35 ஆண்டுகள் செய்தவள் நான். எந்த இடத்தில் வாய் திறந்தே ஆகவேண்டும் என்பதை எவ்வாறு கற்பிப்பது என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அண்மையில் என் தங்கையின் பேரன் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வி அந்தக் குறையை நினைவூட்டியது. அதனை வாசகப் பெருமக்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

பையன் சென்னையில் பணிபுரிகிறான். விடுமுறை நாள்களில் விடியலுக்கு முன் நண்பர்களுடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிவண்டி ஓட்டிச் செல்வது அவன் வழக்கம். கார்பன் இழையால் ஆன சட்டம். ஒரு கையால் தூக்கிவிடலாம். விலையோ 2 லட்சத்துக்கு மேல். (அந்தப் பணத்தில் அக்காலத்தில் எங்கள் ஊரில் நிலமும் வீடும் வாங்கியிருக்கலாம் என்றேன், சிரித்தான்.) இத்தகைய வண்டிகளுக்கு இப்போது காப்பீடு செய்துகொள்ளவும் வழியுண்டு, அவனும் செய்திருந்தான். ஒரு நாள் நாய் குறுக்கே ஓட, வண்டியோடு விழுந்தான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டியின் பின் சக்கரத்தைத் தாங்கும் குழாயில் விரிசல் கண்டது. காப்பீட்டு நிறுவனம் பழுது பார்க்கும் செலவைத் தந்தது. தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்து, வண்ணமும் பூசியாயிற்று. இப்போது வேறு வண்டி வாங்க எண்ணி இதனை விற்க விரும்புகிறான்.

"பெரிய பாட்டி, பார்த்தால் யாருக்கும் தெரியாது. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்ல வேண்டுமா?"

இதுவே கேள்வி. உடனே "சொல்" என்று விடையளிக்க நா எழுந்தது. எனினும், ஏன் என்று அவன் கேட்டால் என்ன காரணம் கூறுவது என எண்ணி, இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

முதலில் பொருளின் இயல்பை அறிந்துகொள்ள முற்பட்டேன். நாம் பழகிய இரும்புச் சட்டம் அடிபட்டால் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும். கார்பன் சட்டம் அத்தகையதன்று. மெல்லிய இழைகளை அடுக்கடுக்காகப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தது அது. மேலே வண்ணம் சற்றும் குலையாமல் இருக்க, உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கக் கூடும். அப்படிப் பிரிந்த சட்டம் முன்னறிவிப்பின்றி ஒரு நாள் முறிந்துவிடும். நாணயத்தால் தட்டிப் பார்த்து, ஒலி மந்தமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்களாம்; ஐயம் தீராவிடில் மீயொலிச் சோதனை செய்வார்களாம். பழுது பார்ப்பவர் சேதமான அடுக்குகளைத் தேய்த்தெடுத்து, புதிய இழைகளைப் பரப்பி, பிசினிட்டு இறுகவைத்து, மெருகேற்றி வண்ணம் பூசுகிறார். கைதேர்ந்தவர் செய்தால் அந்த இடம் பழைய வலிமையைப் பெறும். கைதேராதவர் செய்தாலும் வண்ணம் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் வாங்குபவர் கண்ணால் பிரித்தறிய இயலாது.

அடுத்து, காப்பீடு. இழப்பை ஈடுசெய்வது அதன் நோக்கம். இலாபம் தருவதற்கு ஏற்பட்டதன்று. 1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முடிவான காஸ்டலைன் எதிர் பிரஸ்டன் என்னும் வழக்கை இதற்குச் சான்றாகக் காட்டுவர். ஒருவர் தம் கட்டடத்தை விற்க ஒப்பந்தம் செய்திருந்தார். கிரயம் முடியுமுன் தீப்பிடித்தது. காப்பீட்டு நிறுவனம் 330 பவுன் தந்தது. பின்னர் வாங்குபவரிடமும் பேசிய விலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டார். ஒரே இழப்புக்கு இரண்டு கைகளில் பணம் வந்ததைக் கண்ட நீதிமன்றம், நிறுவனம் கொடுத்ததைத் திருப்பித் தரச் சொன்னது. எனவே, காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, மேலுக்குப் பூசி மெழுகி, முழு விலைக்கு விற்பவர் என்ன செய்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் பேரன் அவ்வாறு செய்யவில்லை. தந்த பணம் முழுவதையும் வண்டிக்கே செலவிட்டிருக்கிறான்.

கார், மோட்டார் சைக்கிள் போன்றவற்றுக்கு ஒரு வகைக் காவல் உண்டு. நம் நாட்டில் பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வண்டியை முழு இழப்பாகவே கருதுவது வழக்கம். பிரிட்டனில் அவ்வாறு கழிக்கப்பட்ட கார்களைத் தரம் பிரித்துக் குறியிடும் முறை உண்டு. சட்டகம் சேதமானது ஒரு வகை, ஆகாதது இன்னொரு வகை என 2017 முதல் பிரிக்கிறார்கள். பிறகு வாங்குபவர் பதிவு எண்ணைக் கொண்டு விசாரித்தறியலாம். மிதிவண்டிக்குப் பதிவு எண் ஏது? அதன் வரலாறு முழுவதும் உடையவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் பேசாதிருந்தால் அவ்வரலாறு அவரோடு மறைந்துபோகும். அடுத்து வாங்கியவர் மறுபடி விற்கும்போது, தாம் அறியாத ஒன்றை அவரால் சொல்லவும் முடியாது.

நிற்க. சட்டம் என்ன கூறுகிறது என்று பார்த்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், வெறும் மௌனம் மோசடியாகாது என்று விளக்கம் தருகிறது. பேசவேண்டிய கடமை இருக்கும்போதும், மௌனமே பேச்சுக்குச் சமமாகும்போதும் மட்டும் அது மோசடியாகும். அதற்குத் தந்துள்ள எடுத்துக்காட்டுகள் என் சிந்தனையைத் தூண்டின. ஒருவர் நோயுள்ள குதிரை ஒன்றை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடியன்று. அதே குதிரையை வாங்குபவள் அவருடைய மகள், அப்போதுதான் உரிய வயதடைந்தவள் என்றால், அவளிடம் சொல்வது அவர் கடமை. "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே கொள்வேன்" என்று வாங்குபவர் கூறிய பின்னும் வாய் மூடி இருந்தால், அந்த மௌனம் பேச்சாகும்.

சட்டத்தை எழுதியவர்களுக்கு மகளின் நினைவு வந்ததே, அதுவே பெரிது. மகளுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றுவது எதனால்? அவள் நம்பி வாங்குகிறாள். அவளுக்குக் கேடு வந்தால் நாம் பொறுக்கமாட்டோம். அயலார் மகளுக்கும் ஒரு தந்தை இருப்பான் என்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. கொள்ளவும் இயலாது போலும். சட்டம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கத் தக்கவற்றோடு நின்றுவிடுகிறது.

இந்த வழக்கு பழமையானது. கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசரோ, ஏதென்சு நகரில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், இரு ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர்களை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒருவர் வீட்டை விற்கிறார். அதன் மரங்கள் உளுத்தவை, அறைகளில் பாம்புகள் வரும். உடையவரைத் தவிர எவரும் அறியார். அந்திபாதர், சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். வழி தவறியவனுக்கு வழி காட்டாதிருப்பதினும் இது கொடிது என்பது அவர் கருத்து. டயோஜெனிஸ் மறுக்கிறார்: மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு, விலையைச் சொல்பவன் குறையையும் கூவி விற்கவேண்டுமென்றால் உலகில் வாணிகமே நடவாது. சிசரோ முடிவில் அந்திபாதர் பக்கமே சாய்கிறார். பிறர் அறிந்தால் அவர்களுக்குப் பயன்படும் ஒன்றை, உன் ஆதாயத்துக்காக அவர்கள் அறியாதிருக்கச் செய்தால், அது மறைத்தலே என்பது அவர் தீர்ப்பு.

நம் அணுவிரதங்களில் களவாமைக்குரிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுத்துரைப்பதை நம் இல்லங்களில் பலரும் அறிவர். திருடனுக்குத் துணைபோதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், அரசின் ஆணையை மீறிப் பொருள் ஈட்டுதல், அளவையிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல் ஆகியவற்றோடு, ஐந்தாவதாகப் பிரதிரூபக வியவகாரம் வருகிறது. ஒன்றைப் போல் தோன்றும் வேறொன்றைத் தந்து விற்பது அது. நெய்யில் கலப்படம், பொன்னில் செம்பு என்றே நான் வகுப்பில் விளக்கம் சொல்லி வந்தேன். விபத்துக்குள்ளாகாத வண்டியின் விலையை வாங்கிக்கொண்டு, விபத்துக்குள்ளான வண்டியைக் கொடுப்பதும் அதில் அடங்குமோ என்று இப்போது தோன்றுகிறது. இச்செயல் வாய்மையின்கீழ் வராமல் களவாமையின்கீழ் வருவதைக் கவனிக்க வேண்டும். பொய் ஒரு சொல்லும் சொல்லாமலே களவு நிகழலாம்.

இவற்றையெல்லாம் பையனிடம் கூறினேன். அவன் எளிதில் ஒப்பவில்லை. ஒப்பாததில் நியாயமும் இருந்தது. "பழுது பார்த்த இடம் இப்போது உறுதியாக இருக்கிறது, சோதித்தும் பார்த்தாயிற்று. நான் சொன்னால், வாங்குபவர் காரணமில்லாமல் பயந்து விலையைக் குறைப்பார். அவருடைய வீண் பயத்துக்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?"

இந்த வாதத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. உண்மையைச் சொல்வதாலேயே தவறான எண்ணம் உண்டாவதும் உண்டு. ஆனால் அச்சம் வீணா அன்றா என்று எடைபோடும் உரிமை யாருக்கு? மலைச்சரிவில் அந்த வண்டியில் அமர்ந்து இறங்கப்போகிறவருக்கு. சோதித்த சான்று கையில் இருந்தால் அதையும் காட்டலாமே. பயம் வீணானால் தெளியட்டும். காட்டிய பின்னும் அவர் அஞ்சினால், அது அவர் உடலைப் பற்றிய அவருடைய முடிவு. அம்முடிவை அவருக்காக நாமே எடுத்து, அதற்கான விலையையும் அவரிடமே வாங்குவதுதான் எனக்குப் பொருந்தவில்லை.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிற நான், 1978-இல் என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். என் கணவரின் மிதிவண்டியை மாட்டுவண்டி ஒன்று மோதி, முன் ஃபோர்க் பின்னுக்கு வளைந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, கறுப்புச் சாயம் பூசித் தந்தார். "ஃபோர்க்கை மாற்றுவதே நல்லது, இது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது" என்றார் அவர். மாற்றப் பணமில்லை. எங்கள் பள்ளியின் அலுவலக உதவியாளர் வண்டி தேடிக்கொண்டிருந்தார். 150 ரூபாய்க்கு விற்றோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "டீச்சரம்மா வீட்டு வண்டி, பார்க்கவே வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். நான் பேசாமல் நின்றேன். அந்தச் சட்டப் பிரிவை அப்போது படித்திருந்தால், என் மௌனம் எந்த எடுத்துக்காட்டில் சேரும் என்பது விளங்கியிருக்கும்.

அந்த வண்டிக்கு ஒன்றும் நேரவில்லை. 11 ஆண்டுகள் ஓட்டினார். தம் சிறுமகளை முன்பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துவருவார். வாயிற்கதவின் மேட்டில் முன் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் என் கண்கள் அந்த ஃபோர்க்குக்குத்தான் போகும். காலையில் வணக்கம் சொல்வார். பதில் வணக்கம் சொல்வேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. நாள் செல்லச்செல்ல, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டுவிடுவாரோ என்ற கூச்சமே பெரிதாயிற்று. கேடு விளையவில்லையே, பின் குற்றம் எங்கே என்று என்னையே கேட்டுக்கொண்டதும் உண்டு. விளையாதது என்னால் அன்று. அந்த இரும்பு தாங்கியது, அவ்வளவே.

இதைக் கேட்டபின் பையன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் அழைத்தான். விழுந்த அன்று எடுத்த படம், பழுது பார்த்த ரசீது, சோதனைச் சான்று ஆகிய மூன்றையும் வாங்க வந்தவர்களுக்குக் காட்டினானாம். இருவர் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்றாமவர் நாணயத்தால் குழாய் முழுவதும் தட்டிப் பார்த்து, ஓட்டியும் பார்த்து, 18 ஆயிரம் குறைத்துக் கேட்டு எடுத்துப்போனார்.

"காப்பீட்டு நிறுவனம் பழுது பார்க்கத்தான் பணம் தந்தது, பெரிய பாட்டி. விலை குறைந்ததற்குத் தராதாம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. இந்த 18 ஆயிரம் யார் கணக்கு?"

விழுந்தது நீ, ஆகவே உன் கணக்குத்தான் என்றேன். நாய் கணக்கில் எழுதலாமா என்று கேட்டான்.